ஏழாம் எண் மூங்கில்

போன செப்டம்பரில் லாஹௌலில்
நீராவித் துளைப்பானால் பத்து மீட்டர் இறக்கி நட்ட மூங்கில்
இந்தச் செப்டம்பரில்
இரண்டு மீட்டர் முப்பத்தேழு வெளியே நின்றது.
நட்டவள் நான். அளந்தவளும் நான்.
டேப்பின் மறுமுனை தண்டுப்பின் கையில்,
அவன் நகக்கண்ணில் பட்டாணி வயலின் மண்.
"மூங்கில் வளருது மேடம்" என்றான் இந்தியில்.
சிரிக்கத்தான் சொன்னான்.
புள்ளி ஒன்பதால் பெருக்கித்
தண்ணீர்க் கணக்கில் எழுதினேன்:
இரண்டு புள்ளி ஒன்று மூன்று.

குளச்சலில் அண்ணனுக்கு ஐஸ் பிளான்ட்டில் ராத்திரி ஷிப்ட்.
லீவில் வந்தவள் தூக்குவாளியோடு போகிறேன்.
உப்புக் கரைசலில் கழுத்தளவு முங்கிய தகரப் பெட்டிகள்.
ஒன்றைத் தூக்கி, தொட்டியில் முக்கி, சரித்தால்
ஐம்பது கிலோ வழுக்கிக்கொண்டு வருகிறது.
நடுவில் மட்டும் வெள்ளை, மீன்முள் மாதிரி.
நேற்று உச்சியில் பிறந்த பனி.
நான் நின்றுவந்த பனிக்கு வயது யாருக்கும் சரியாகத் தெரியாது.

பெர்க்மான்ஸ் விரலால் அளக்கிறவன்.
"ஹார்பர் போறதுக்குள்ள நாலு விரல் போவும்.
உமி போட்டு மூடுனா மூணு.
போட்டுக்காரன் அதையும் கழிச்சித்தான் ரூவா தருவான்."

இழப்பை விலையில் சேர்த்துவிட்டார்கள் இங்கே.
எங்கள் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

முதன்முதலில் மலைக்குக் கிளம்பியபோது அம்மா கேட்டாள்:
"எதைப் பிள்ளே அளக்கப் போற?"
"பனியை."
"ஆருக்கு?"
எங்கள் பக்கம் பனி என்றால் காய்ச்சல்.
சொல்லிப் புரியவைத்தேன்.
இப்போது யோசித்தால்
அவள் கேட்டது பிழையில்லை.

டேராடூன் ஆபீசில் சேர்ந்த புதிதில்
பக்கத்து மேசை விழுப்புரத்துக்காரரிடம்
"கொஞ்சம் வெள்ளம் இருக்கா?" என்றேன்.
பதறி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
குடிக்கிற வெள்ளம் என்று
பாட்டிலைச் சுட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

தண்டுப்பின் வாய்க்காலில்
இந்த வருஷம் ஒரு மாதம் முந்தியே வெள்ளம் வந்ததாம்.
காய் பிடிக்கிற நேரத்தில் நின்றுவிட்டதாம்.
பனியாற்றின் நெற்றிக்குக் கீழே ஒரு ஏரி,
என் பழைய வரைபடத்தில் இல்லாதது,
கற்குவியலில் சாய்ந்துகொண்டு அமைதியாக இருந்தது.
அதற்கு நேர் கீழே பதினோரு வீடு.
வாய்க்காலில் இல்லாததற்கும்
ஏரியில் காத்திருப்பதற்கும்
எனக்கு ஒரே சொல்தான் வருகிறது.

அங்கே உருகுவதில் ஒரு சொட்டும்
பேச்சிப்பாறைக்கு வராது, அண்ணா.
கோதையாறு மழையின் பிள்ளை.

அவன் பதில் பேசாமல்
பிளான்ட்டின் போர் குழாயைத் திறந்து
உள்ளங்கையில் பிடித்து நீட்டினான்.
நக்கிப் பார்த்தேன். கடல்.
"அப்ப இது?"

பாதி உங்க மோட்டார் இழுத்தது.
"மிச்சம்?"
மிச்சத்துக்கு இன்னும் மூங்கில் நடவில்லை என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
எனக்கும் அது பதிலாகத் தோன்றவில்லை.

உப்பு வெள்ளம் உறையச் சுணங்கும்,
உறைந்தாலும் நிற்காதாம்.
அதனால் ஐஸுக்கு வெள்ளம்
திருவட்டார் பக்கமிருந்து லாரியில் வருகிறது.
லோடு அறுநூறாக இருந்தது, இப்போது ஆயிரத்து நூறு.
டீசல் கணக்கு தனி.

மூன்று மணி இருக்கும்.
கிரஷர் ஓய்ந்த இடைவெளியில்
கேட்டுக்கு வெளியே ஹார்ன்,
பிறகு டிரைவரின் பெரிய தொண்டை:
"வெள்ளம் வந்தாச்சு!"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.
கால் தானாக மேட்டைத் தேடியது.

மற்றவர்கள் அசையவில்லை.
பெர்க்மான்ஸ் கைலியை மடித்துக் கட்டி,
ஹோஸின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு
கொட்டாவி விட்டபடி நடந்தான்.